மழை தொடங்கும் வாரத்தில் மழைக்கோட்டு இல்லாத கடை

சென்ற அக்டோபர் மாதத்தின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, மன்னார்குடியிலிருந்து இரண்டு பேருந்து மாறி, டெல்டாவின் பெரிய நகரம் ஒன்றின் புறவழிச்சாலையில் உள்ள விளையாட்டுப் பொருள் அங்காடிக்கு ஒரு மழைக்கோட்டு வாங்கச் சென்றேன். நவம்பர் முதல் பிப்ரவரி வரை விடுமுறை நாள்களில் வடுவூர் ஏரிக்கும் உதயமார்த்தாண்டபுரத்துக்கும் கோடியக்கரைக்கும் பறவை பார்க்கப் போவது எனக்கும் நண்பர்கள் மூவருக்கும் பல ஆண்டுப் பழக்கம். ஏரிக்கரையில் மழையோடு மூன்று மணி நேரம் நிற்பதற்குக் குடை உதவாது. ஒரு கை குடைக்குப் போய்விட்டால் மற்றொரு கையால் பைனாகுலரை ஆடாமல் பிடிக்க முடியாது. பழைய கோட்டின் உட்பூச்சு பொடியாக உதிர்ந்துவிட்டதால் புதிது தேவைப்பட்டது. கிரிக்கெட் மட்டை முதல் பனிச்சறுக்குக் கண்ணாடி வரை கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்த அந்தக் கடையில், பெரியவர்கள் அணியக்கூடிய மழைக்கோட்டு ஒன்றுகூட இல்லை.

பணியாளரிடம் கேட்டபோது, அவர் மிகுந்த பணிவுடன், "ரெயின்கோட் சீசன் முடிஞ்சிடுச்சு சார், செப்டம்பர்லயே ஆஃபர்ல எல்லாம் போயிடுச்சு" என்றார். அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கடையின் தகரக் கூரைமேல் தூறல் விழும் ஓசை கேட்டது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் இந்தக் கடையைப் பற்றி நான் தெரிந்துகொள்ள வேண்டியது அனைத்தும் இருந்தது என்று பின்னர் புரிந்தது. நாட்டின் பெரும்பகுதிக்கு மழைக்காலம் என்பது ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவம். அந்த மேகங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபக்கத்திலேயே பொழிந்து தீர்ந்துவிடுவதால், டெல்டாவுக்கு ஜூன் மாதம் என்பது மேட்டூர் அணையின் நீர் வரும் மாதமே தவிர மழையின் மாதம் அன்று. நமக்குரிய மழை அக்டோபர் இருபதை ஒட்டித் தொடங்கி டிசம்பர் வரை நீளும் வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியதை நேரில் பார்த்தவர்களுக்கு இதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. எங்கோ ஒரு தலைமை அலுவலகத்தில் அமர்ந்து நாடு முழுவதற்கும் ஒரே நாள்காட்டியில் சரக்குப் பங்கிடுபவர்களுக்கு மட்டும் யாராவது சொல்ல வேண்டும்.

அதன் விளைவு வாடிக்கையாளருக்கு இருமடங்குத் தொல்லை. ஜூன் மாதத்தில் கடையின் முகப்பு முழுவதும் மழைக்கோட்டுகள் தொங்கும். அப்போது முப்பத்தெட்டு டிகிரி வெயிலில் அவற்றைத் தொட்டுப் பார்க்கக்கூட எவருக்கும் மனம் வராது. விற்காத சரக்கு செப்டம்பரில் தள்ளுபடியில் போய்விடும், அல்லது வேறு ஊர்க் கிளைக்குத் திரும்பிவிடும். பிறகு நாங்கள் நனையத் தொடங்குவோம். நான் பேருந்தில் ஊர் திரும்பும்போது நீடாமங்கலம் தாண்டிய வயல்களில் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. பெண்கள் உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலைமேல் போட்டுக்கொண்டு குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். எந்தக் கிளையிலும் இருப்பு தீர்ந்துபோகாத மழைக்கோட்டு அது ஒன்றுதான் என்று தோன்றியது.

இருப்பு பற்றிப் பேசும்போது இந்தக் கடையின் செல்பேசிச் செயலியையும் குறிப்பிட வேண்டும். நவம்பர் முதல் வாரத்தில், நான் தேடிய பெரிய அளவு மழைக்கோட்டு அதே கிளையில் மூன்று இருப்பதாகச் செயலி காட்டியது. மறுபடியும் இரண்டு பேருந்து மாறிப் போனேன். ஒரு பணியாளர் கையடக்கக் கருவியைப் பார்த்துவிட்டு "இருக்கு சார்" என்று உறுதிப்படுத்தினார். பிறகு அவரும் நானும் ஏறத்தாழ அரை மணி நேரம் அதைத் தேடினோம். கிடைத்தவை ஒரு சிறுவர் கோட்டும், பெரிய அளவின் சீட்டை மாட்டிக்கொண்டிருந்த நடுத்தர அளவுக் கோட்டு ஒன்றும். வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்து இன்னும் பிரித்துப் பார்க்கப்படாத பொருள்கள், கிடங்கில் பெட்டிக்குள்ளேயே இருப்பவை, உடைமாற்றும் அறையில் யாரோ போட்டுவிட்டுப் போனவை, களவு போனவை ஆகிய எல்லாமே கணினியின் கணக்கில் இருப்பாகவே நீடிக்கும் என்று அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அப்படியானால் எண்ணிக்கை மூன்றுக்குக் கீழே வந்ததும் "கடையைத் தொலைபேசியில் அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்" என்று செயலி சொல்லலாமே என்றேன். கிளைக்கென்று நேரடித் தொலைபேசி எண் கிடையாது என்பது அப்போதுதான் தெரிந்தது. செயலியில் தரப்பட்டிருக்கும் எண் வேறு மாநிலத்தில் உள்ள அழைப்பு மையத்துக்குப் போகிறது. அங்கிருப்பவரும் நான் பார்க்கும் அதே எண்ணிக்கையைத்தான் தம் திரையில் பார்க்கிறார்.

அன்று அலமாரியில் இருந்த வேறொரு கோட்டைப் பற்றி நடந்த உரையாடலையும் பதிவு செய்கிறேன், ஏனெனில் வாங்குபவர்களுக்கு அது பயன்படும். இலேசான அந்தக் கோட்டின் சீட்டில் 2,000 மி.மீ. என்று அச்சிட்டிருந்தது. அதன் பொருள் என்னவென்று கேட்டதற்கு "வாட்டர் ப்ரூஃப்தான் சார்" என்ற விடைக்குமேல் எதுவும் கிடைக்கவில்லை. துணியின்மேல் ஒரு குழாயை நிறுத்தி நீரை ஊற்றினால், எத்தனை மில்லிமீட்டர் உயரம் வரை துணி கசியாமல் தாங்குகிறது என்பதே அந்த எண். 2,000 என்பது தூறலுக்கும் சிறு மழைக்கும் போதும். ஐப்பசி அடைமழையில் தோளில் பைவாரும் அழுத்திக்கொண்டிருக்கும்போது போதாது. அதற்கு 10,000 அளவிலாவது இருக்க வேண்டும். எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், தையலின் உட்புறம் பட்டை ஒட்டப்படாத கோட்டில் ஊசித் துளைகள் வழியாகவே நீர் இறங்கிவிடும். உட்புறத்தைத் திருப்பிப் பார்க்க இரண்டு நொடி போதும். அதைக்கூட வாடிக்கையாளரே கற்றுக்கொண்டு வர வேண்டும் என்றால், ஐந்து பணியாளர்கள் சீருடையுடன் நிற்பதன் பயன் என்ன என்ற கேள்வி எழுகிறது.

இருப்பினும் அந்தப் பணியாளர்களை நான் குறை சொல்லத் தயங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலையில் மிதிவண்டி, காலணி, தூண்டில், நீச்சலுடை ஆகிய நான்கு பிரிவுகளுக்கும் ஒரே இளைஞர் ஓடிக்கொண்டிருந்தார். கடைப் பணியாளர்களுக்கு அமர இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021ஆம் ஆண்டிலேயே சட்டத்திருத்தம் கொண்டுவந்துவிட்டது. அந்தத் தளத்தில் நான் கண்ட ஒரே இருக்கை, விற்பனைக்கு வைத்திருந்த மடக்கு நாற்காலி.

காலணிப் பிரிவில் எனக்கு நேர்ந்தது இதைவிடப் பெரிய இழப்பு. ஜனவரியில், நாற்பது விழுக்காடு தள்ளுபடியில், கணுக்கால் வரை மூடும் நடைக்காலணி ஒன்றை வாங்கினேன். கோடியக்கரை உப்பளங்களின் ஓரமாகப் பூநாரைகளைப் பார்த்துக்கொண்டு நடந்த இரண்டாவது நாளில், இடது காலின் அடிப்பகுதி குதிகால் பக்கமாக வாயைத் திறந்தது. சிறிது நேரத்தில் வலது காலும் அதற்குத் துணை சேர்ந்தது. பிளந்த இடத்தில் நுரைப்பகுதி பழைய ரொட்டித் துண்டுபோல் விரலில் நொறுங்கியது. நாக்குப் பகுதியின் உட்புறச் சீட்டைப் பார்த்தபோது அது தயாரிக்கப்பட்டு நான்கு ஆண்டுக்கு மேலாகியிருந்தது தெரிந்தது. இத்தகைய காலணிகளின் நடு அடிப்பாகம் பல நேரங்களில் பாலியூரித்தேன் நுரையால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அந்த நுரையின் பிணைப்புகளைச் சிறிது சிறிதாக அறுத்துக்கொண்டே இருக்கும். அணிந்து நடந்தால்தான் தேயும் என்பதில்லை, பெட்டிக்குள் வைத்திருந்தாலும் கெடும். வெப்பமும் ஈரமும் கூடிய இடத்தில் இது விரைவாக நடக்கும். உலர்ந்த குளிர்நாட்டுக் கிடங்கில் நெடுங்காலம் தாங்கக்கூடிய சரக்கு, குளிரூட்டி இல்லாத டெல்டாக் கிடங்கில் அவ்வளவு நாள் தாங்காது. என் பழைய மழைக்கோட்டின் உட்பூச்சு உதிர்ந்ததற்கும், கூடாரத் துணி சில ஆண்டுகளில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வாடை வீசுவதற்கும் காரணம் இதே வேதியியல்தான். ஆகவே இந்தப் பகுதிக் கடைகளில் காலணிக்கும் கூடாரத்துக்கும் பெரிய தள்ளுபடி கொடுத்தால், விலையைப் பார்ப்பதற்கு முன் தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் பாருங்கள். பழைய சரக்கு என்பதை மறைக்காமல் தனி அலமாரியில் வைத்து ஆண்டைப் பெரிதாக எழுதி விற்றால், நானே கூடாரம் ஒன்றை அரை விலைக்குத் தெரிந்தே வாங்கியிருப்பேன்.

திருப்பிக் கொடுக்கச் சென்றபோது முதலில் காலணி வந்த அட்டைப்பெட்டியைக் கேட்டார்கள். அடுத்து, சேற்றில் அணிந்ததால் இது பயன்பாட்டுச் சேதம் என்றார்கள். நடைக்காலணியைச் சேற்றில் அணியக்கூடாது என்றால் வேறு எங்கே அணிவது என்று கேட்க வேண்டியதாயிற்று. வாங்கிப் பத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளை, பில்லில் குறித்துள்ள காலத்துக்குள்ளோ, அப்படிக் காலம் எதுவும் குறிப்பிடாதபோது முப்பது நாளுக்குள்ளோ திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்றே வரையறுத்திருக்கிறது. பில்லைக் காட்டி இதை எடுத்துச் சொன்னேன். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைக்கப் போவதாகச் செல்பேசியைக் கையில் எடுத்த பிறகுதான் மேலாளர் வெளியே வந்தார். வந்தபின் பத்து நிமிடத்தில் முழுத் தொகையையும் திருப்பித் தந்தார் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அவர் உடனே தீர்க்கக்கூடியதாக இருந்த ஒன்றுக்காக நான் முக்கால் மணி நேரம் மூன்று பணியாளர்களிடம் ஒரே கதையைச் சொன்னேன். வாங்கும்போது கட்டாயப்படுத்திக் கேட்ட என் செல்பேசி எண், கடைக்கணக்கில் என் பில்லைத் தேட உதவியிருக்க வேண்டும். அந்த எண்ணைக் கொண்டு தேட அவர்களால் இயலவில்லை. விளம்பரக் குறுஞ்செய்தி அனுப்ப மட்டும் இயன்றது. எண் தராவிட்டால் பில் போட முடியாது என்று வாடிக்கையாளரை வற்புறுத்தக்கூடாதென ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியது என்பதைக் கல்லாவில் இருப்பவர்கள் அறிந்திருப்பது நல்லது.

காலணியைப் பற்றி இன்னொன்று. அங்கே பரிந்துரைக்கப்படுபவை அனைத்தும் மலைப் பாறைக்கானவை. அடியில் நெருக்கமான, ஆழமான பற்கள் இருக்கும். நம் வரப்புக் களிமண் அந்தப் பற்களுக்கிடையே அப்பிக்கொண்டால் பத்தடிக்குள் கால் ஒவ்வொன்றும் ஒரு கிலோ கனக்கும், பிடிப்பும் போய்விடும். பற்கள் அகலமாக விலகியிருக்கும் அடிப்பாகம்தான் சேற்றை உதறும். அப்படிப்பட்டது இருக்கிறதா என்று கேட்டதற்கு, சுவரில் வரைந்திருந்த பனிமலைப் படத்தைக் காட்டி "இது ட்ரெக்கிங்குக்கு நல்லா இருக்கும் சார்" என்று பதில் வந்தது. அதே அலமாரியின் பக்கத்தில் ஐந்து டிகிரிக் குளிருக்கான தூக்கப்பைகள் ஒரு வரிசை முழுவதும் அடுக்கப்பட்டிருந்தன. மார்கழி விடியலிலும் பதினெட்டு, இருபது டிகிரிக்குக் கீழே இறங்கத் தயங்கும் ஊரில் அவற்றை வாங்கி உள்ளே படுப்பவரை நினைத்தால் இரக்கமாக இருக்கிறது. கொசுவலையுடன் கூடிய தொங்குபடுக்கை இருக்கிறதா என்றேன். இல்லை.

பைனாகுலர் நிலையும் அதுவே. பறவை பார்ப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது 8x42. எட்டு மடங்கு உருப்பெருக்கம். முன் வில்லையின் விட்டம் 42 மி.மீ. கடையில் 10x25 ஒன்று மட்டும், பூட்டிய கண்ணாடிப் பேழைக்குள் இருந்தது. விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம். முதலாவதில் அது ஐந்து மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், இரண்டாவதில் இரண்டரைதான். மேகம் மூடிய காலை ஆறரை மணிக்கு, ஏரியின் நடுவில் இருக்கும் பறவை கிளுவையா நீர்க்கோழியா என்று பிரித்தறிவதற்கு அந்த வேறுபாடு மிகவும் முக்கியம். அந்தச் சிறியதையாவது எடுத்துப் பார்க்கலாம் என்றால், பேழையின் சாவி மேலாளரிடம் இருந்தது. மேலாளர் உணவுக்குப் போயிருந்தார். காத்திருந்து பார்த்தபோது வில்லையின் உட்புறத்தில் மெல்லிய நூல்போல் பூஞ்சை படர்ந்திருந்தது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் பேழைக்குள் போட்டு மாற்றிவந்தாலே இது பெருமளவு குறைந்திருக்கும்.

என்னோடு வந்த நண்பர் தூண்டில்காரர். அவருடைய அனுபவத்தையும் சேர்த்தால்தான் இந்த மதிப்புரை முழுமையாகும். எங்கள் பக்கத்துக் குளங்களில் தூண்டில் போடுபவர்களின் முதல் ஆசை விரால். வெங்காயத்தாமரையும் அல்லியும் மண்டிய நீரில் அது பதுங்கியிருக்கும்; ஆகவே செடியில் சிக்காத ரப்பர்த் தவளையும், தழையோடு சேர்த்து மீனை இழுத்தெடுக்கும் வலுவுள்ள ஏழடிக் கம்பும், அறுந்துபோகாத பின்னல் நரம்பும் (தூண்டில் இழை) தேவை. கடையில் இருந்தவை குளிர்நாட்டு ஓடைகளில் டிரவுட் பிடிப்பதற்கான சிறு சுழல்தகடுகளும், ஒரு கையால் வளைத்துவிடக்கூடிய மெல்லிய கம்புகளும். ரீல்கள் நல்ல தரத்தில், நியாயமான விலையில் இருந்தன. ஆனால் அவற்றில் சுற்றுவதற்கான நரம்பு ஆறு வாரமாக வரவில்லை என்றார்கள். நரம்பில்லாத ரீலை வாங்கி வீட்டில் வைத்து அழகு பார்க்கலாம். நாகப்பட்டினத்தில் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய தெருவில் உள்ள வலைக்கடைக்கு அவரை அழைத்துப்போனேன். அங்கே குளிரூட்டி இல்லை, செயலி இல்லை, பொருளின்மேல் சீட்டுக்கூட இல்லை. பெரியவர் ஒருவர், "எங்க போடப்போறீங்க தம்பி, குளமா, முத்துப்பேட்டைக் கழியா?" என்று முதலில் கேட்டார். குளம் என்றதும் பச்சைநிறத் தவளையை எடுத்து, அதன் இரட்டை முள் உடலோடு ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிக் காட்டினார். உப்பங்கழி என்றால் கொடுவாய் மீனுக்கு வேறு முள், உப்புநீருக்குப்பின் ரீலை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும் என்றும் கேட்காமலே சொன்னார். மொத்தம் பதினைந்து நிமிடம். பில் கேட்டபோது மட்டும் முகம் சுளித்தார். அதற்காக ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்கிறேன்.

பெரிய கடையில் வாங்கத் தக்கவை எவை என்று கேட்டால், பூப்பந்து, நீச்சல், உடற்பயிற்சிப் பொருள்கள், தண்ணீர்க் குடுவை, முதுகுப்பை ஆகியவற்றை அங்கே தயங்காமல் வாங்கலாம். பையைத் தோளில் மாட்டி, எடை போட்டு, கடைக்குள்ளேயே நடந்து பார்க்க விடுகிறார்கள். ஊருக்குள் இருக்கும் பழைய விளையாட்டுப் பொருள் கடைகளில் அது நடக்காது. மிதிவண்டிப் பிரிவில் இருந்த பழுதுபார்ப்பவர் தம் தொழிலை நன்றாக அறிந்தவர். என் வண்டியின் கியர் கம்பியைக் கண்முன்னே சரிசெய்து, வாங்கியது நாற்பது ரூபாய்தான். மழைக்கோட்டு, நடைக்காலணி, கூடாரம், பைனாகுலர், தூண்டில் ஆகியவற்றுக்கு நான் இனி அங்கே போகப்போவதில்லை. ஐந்துக்கு இரண்டு.

கடைசியாக, நவம்பரில் நான் பெயர் பதிந்துவிட்டு வந்த அந்தப் பெரிய அளவு மழைக்கோட்டு. குளிர்காலம் முழுவதும் நண்பரின் பழைய பொன்சோவில் சமாளித்தேன். பறவைகள் வந்து, தங்கி, திரும்பிப் போயின. வடுவூர் ஏரியில் நீரும் வற்றியது. ஜூன் முதல் வாரத்தில், தெருவில் தார் உருகிக்கொண்டிருந்த ஒரு நண்பகலில், கடையிலிருந்து குறுஞ்செய்தி வந்தது: மழைக்காலம் வந்துவிட்டது, நீங்கள் கேட்ட பொருள் தயாராக உள்ளது, மூன்று நாளுக்குள் பெற்றுக்கொள்ளவும்.